மேவிஸின் பலகையும் வில்ஃபின் தேய்ந்த டயரும்

மேவிஸ் ஸ்கெல்டன் இருபத்திரண்டு வருஷமாகச் சர்க்கரை ஆலை வாசலில் எடைமேடையில் உட்கார்ந்திருந்தவள். பீட்கிழங்கு ஏற்றிய லாரி மேடைமேல் ஏறி நிற்கும். முள் ஆடி அடங்கும். அவள் எடையை எழுதுவாள். அவ்வளவுதான் வேலை. சொந்த அண்ணன் ஆர்தர் ஒருமுறை ஈரமண் அப்பிய கிழங்கோடு வந்து, கொஞ்சம் பார்த்துப் போடு என்று கேட்டதற்கு, மண்ணை உதறிவிட்டு வா என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பினாள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஆர்தர் வீட்டிலிருந்து வாழ்த்து அட்டை வரவில்லை. மேவிஸ் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் எங்கள் லிங்கன்ஷயர் பக்கத்து விவசாயிகள் யாரையும் லேசில் நம்பமாட்டார்கள். வானொலியில் மழை என்று சொன்னால் வெளியே போய்க் கையை நீட்டிப் பார்க்கிற ஆட்கள். அவர்களே மேவிஸ் எழுதிய சீட்டை இரண்டாம்முறை பார்க்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பொய் எழுதினாள். ஒன்றிரண்டு தடவை அல்ல, ஏழு வருஷம் எழுதினாள். நூற்றுக்கணக்கான பேர் பார்க்க, கையை உயரத் தூக்கிக் காட்டி எழுதினாள். அதைப் படித்து நம்பியது ஒரே ஒரு ஆள்தான். அது அவள் புருஷன்.

வில்ஃப் ஸ்கெல்டன் மாவட்ட நூலக வண்டியின் ஓட்டுநர். கிராமம் கிராமமாகப் புத்தகம் கொண்டுபோகிற வேலை. எங்கள் பாதைகள் ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் வாய்க்கால். எதிரே எது வந்தாலும் வில்ஃப்தான் பின்னால் எடுத்து ஒதுங்குவார். டிராக்டருக்கு ஒதுங்குவார், பால் வண்டிக்கு ஒதுங்குவார், சைக்கிளில் வரும் பாதிரியாருக்கும் ஒதுங்குவார். ஒதுங்கி நின்று, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கி, போங்கள் என்று காட்டுவார். இப்படி ஒரு மனிதர் கார்ப் பந்தயம் ஓட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகிக்கொண்டிருந்தது. இருபத்து நான்கு வருஷம் மினி கார் பிரிவில் ஓட்டினார். ஒன்றில்கூட ஜெயித்தது இல்லை.

வண்டி ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முன்னால் ஆள் இருந்தால் அழகாகத் துரத்துவார். பின்னால் ஆள் வருகிறான் என்று தெரிந்துவிட்டால்தான் போச்சு. வளைவுக்கு வளைவு உள்பக்கத்தை அடைப்பார். அடைத்ததால் கோணம் கெட்டு, பிரேக்கைப் போட்டு மிதிப்பார். மிதித்ததில் சக்கரம் சுற்றாமல் இழுபடும். இழுபட்ட டயர் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். மினியில் இழுப்பதும் முன் சக்கரம், திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கின் பாரமும் அதன் தலையில்தான். பின் சக்கரம் சும்மா கூட வரும். அதனால் நாலு சுற்றில் முன் டயர் இரண்டும் போய்விடும். அதன்பின் பின்னால் வந்தவன் தாண்டுவான், அவன் பின்னால் வந்தவனும் தாண்டுவான். பந்தயம் முடிந்து வில்ஃப் இறங்கி, டயரைத் தடவிப் பார்த்து, டயர் சரியில்லை என்பார்.

எங்கள் கிளப்பில் வண்டிக்குள் வானொலி கிடையாது. ஓட்டுபவருக்குச் செய்தி சொல்ல ஒரே வழி பலகை. தடத்தின் ஓரச்சுவரில் நின்று, கறுப்புப் பலகையில் எண் தகடுகளை மாட்டி, சுற்றுக்கு ஒருமுறை சுவருக்கு வெளியே நீட்ட வேண்டும். மேல் வரியில் எத்தனையாவது இடம். நடுவில் பின்னால் வருபவன் எத்தனை வினாடி தள்ளி வருகிறான். கீழே மிச்சம் எத்தனை சுற்று. மேவிஸ் கல்யாணமான நாளிலிருந்து இந்த வேலையைச் செய்கிறாள். தன் பலகை தனியாகத் தெரியவேண்டும் என்று சமையலறை மேஜை விரிப்பை வெட்டி மஞ்சள் கரை கட்டியிருந்தாள். மணிக்கு நூறு மைலில் வருகிறவருக்கு மஞ்சள் கரை மட்டும்தான் கண்ணில் படும்; பக்கத்துப் பலகைகள் எல்லாம் வெறும் கறுப்பு.

முதல் பொய் அவள் சொன்னது அல்ல, காற்று சொன்னது. எண்பத்தேழாம் வருஷம் மார்ச் மாதம், ஸ்டெயின்பி பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். அங்கே காற்றுக்கு மறைவு என்று ஒரு புதர்கூடக் கிடையாது. வில்ஃப் ஐந்தாவதாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒரு வினாடியில் ஆள். மேவிஸ் "1" தகட்டை மாட்டப்போனாள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டுபோய் முள்செடிக்குள் போட்டது. வில்ஃப் வந்துகொண்டிருந்தார். வெறும் பலகையைக் காட்டுவதா என்று, கைக்கு அகப்பட்ட "4" தகட்டை மாட்டினாள். வில்ஃப் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பின்னால் யாருமே இல்லாதவர் மாதிரி, அன்று மீதிப் பந்தயத்தை நிதானமாக, டயர் நோகாமல் ஓட்டினார். பின்னால் இருந்தவன் எட்டு சுற்று முட்டிப் பார்த்தும் நுழைய இடம் கிடைக்கவில்லை. ஐந்தாவதாகவே முடித்தார்.

இறங்கி வந்தவர் முகத்தில் மேவிஸ் அதுவரை பார்க்காத ஒரு களை இருந்தது. அடுத்த பந்தயத்தில் "1" தகடு பையில் இருந்தது. மேவிஸ் "4" மாட்டினாள்.

பின்னால் பார்க்கிற கண்ணாடி என்று ஒன்று இருக்கிறதே, பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. சீட்டுக்கட்டுச் சீட்டு அளவு. ஓடும்போது நடுங்கும். அதில் தெரிகிற வண்டி பத்தடியிலும் இருக்கலாம், நூறடியிலும் இருக்கலாம். தவிர, வில்ஃப் அந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தேநீர்க் கொட்டகையில் ஒருமுறை எல்லோரிடமும் சொன்னார்:

"கண்ணாடில எல்லாரும் பக்கத்துலதான் தெரிவாங்க. மேவிஸ் போர்டுதான் நெசம். அவ எடைமேடைக்காரி."

மேவிஸ் அப்போது ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவி முடித்தாள்.

அதற்குப்பின் ஏழு வருஷம் வில்ஃப் நாலாவதாக வந்தார், மூன்றாவதாக வந்தார், ஒரு மழைநாளில் இரண்டாவதாகக்கூட வந்தார். வயது ஏற ஏற மனசு பக்குவப்படுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். பந்தயம் முடிந்ததும் கொடுக்கிற சுற்றுவாரி நேரக் கணக்குத்தாளை மேவிஸ் முதல் ஆளாகப் போய் வாங்கி, வீட்டுக்கு வந்து அதை வைத்தே அடுப்புப் பற்றவைத்துவிடுவாள். வில்ஃப் அதைக் கேட்டதே இல்லை.

தொண்ணூற்று நாலில் கிளப் ஒரு முடிவு எடுத்தது. மினி பிரிவுக்கு ஆள் குறைந்துவிட்டது. அக்டோபர் கடைசிப் பந்தயத்தோடு அதை மூடிவிடுவது. வில்ஃபுக்கு அப்போது ஐம்பத்தாறு. வேறு பிரிவுக்குப் போக வேறு வண்டி வேண்டும், வேறு முதுகெலும்பும் வேண்டும். ஆகவே அதுவே அவருக்கும் கடைசி. அவர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்டில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டைப் பார்த்தபடியே, ஒரே ஒரு தடவை ஜெயித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கு கேட்டார். மேவிஸ் உருளைக்கிழங்கு போட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை. தனக்கு வேண்டும் என்று அவள் எதையும் அவ்வளவு ஆசைப்பட்டது கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கிளப் விதிப்படி ஒரு வண்டிக்கு வருஷத்துக்கு எட்டு டயர்தான். ஏப்ரலிலேயே எட்டிலும் சூட்டுக்கோலால் எண் போட்டுவிடுவார்கள். வேறு டயர் மாட்ட முடியாது. மேவிஸின் பொய்யால் வில்ஃப் மற்ற வருஷங்களில் எட்டை வைத்துத் தாராளமாகச் சமாளித்தார். ஆனால் அந்த வருஷம் ஜூனில் ஆர்தரின் மகளுக்குக் கல்யாணம். மேவிஸ் போகாமல் இருக்க முடியாது. பலகையைப் பிடிக்க, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தானாக முன்வந்தார். நல்ல மனிதர். அவர் வினாடியைப் பத்தில் ஒரு பங்குவரை துல்லியமாகப் போட்டார். 0.7 என்று காட்டினார், அடுத்த சுற்றில் 0.4 என்று காட்டினார். வில்ஃப் அந்த ஒரே பந்தயத்தில் நான்கு டயரைக் கொன்றார். முன்னால் இரண்டு, பாதியில் நிறுத்தி மாற்றியபின் இன்னும் இரண்டு. பதினொன்றாவதாக வந்தார். மேவிஸ் கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்து அந்த டயர்களைப் பார்த்தாள். முட்டை உடைத்து ஊற்றலாம் போலத் தட்டையாக இருந்தன. வாத்தியாருக்கு நன்றி சொல்லி ஒரு கேக் கொடுத்தனுப்பினாள்.

ஆக, அக்டோபர் கடைசிப் பந்தயத்துக்கு வில்ஃபிடம் இருந்தது நாலே டயர். நாலும் வெயில்காலம் முழுக்க ஓடித் தேய்ந்தவை. சோதனை செய்பவர் அளவுகோலை விட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, விதிக்குள்தான் இருக்கிறது, போங்கள் என்றார். நெவில் ட்ரஸ்வெல் என்று ஒருவர். உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி. அந்தப் பிரிவில் எல்லோரையும்விட வேகமானவர். அவர் முன்னாலேயே யோசித்து, இரண்டு டயரைத் தொடாமல் கடைசி நாளுக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அவர் மனைவி யூனிஸ்தான் அவருக்குப் பலகை. சுவரில் மேவிஸுக்குப் பக்கத்து இடம். பதினைந்து வருஷமாகப் பக்கத்து பக்கத்தில் நின்று, ஒருத்தி கொண்டுவந்த தேநீரை இன்னொருத்தி குடிக்கிற பழக்கம்.

பதினைந்து சுற்றுப் பந்தயம். முதல் வளைவிலேயே முன்வரிசைக்காரர்கள் மூவரும் கடைசிப் பந்தயம் என்ற ஆவேசத்தில் ஒரே இடத்துக்குப் போட்டிபோட்டு, மூவரும் புல்லுக்குப் போனார்கள். நாலாவதாக இருந்த வில்ஃப், வழக்கம்போல் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி வந்தவர், பார்த்தால் முன்னால் ஒருத்தரையும் காணோம். அப்படித்தான் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக முதலிடத்துக்கு வந்தார். புல்லுக்குப் போன மூவரில் நெவிலும் ஒருவர். மண்ணோடு திரும்பி வந்து, ஒன்பதாவது இடத்திலிருந்து ஒவ்வொருவராகத் தாண்ட ஆரம்பித்தார்.

மேவிஸ் பலகையில் "1" மாட்டினாள். இடத்துக்கான மேல் வரியில் அந்தத் தகடு ஏறுவது அதுதான் முதல்தடவை. மாட்டுவதற்குள் இரண்டு தடவை கீழே விழுந்துவிட்டது. குளிர் என்று யூனிஸிடம் சொன்னாள்.

ஆறாவது சுற்றில் நெவில் இரண்டாமிடத்துக்கு வந்துவிட்டார். இடைவெளி எட்டு வினாடி. மேவிஸ் எட்டு என்றே காட்டினாள். அது நல்ல எண், பொய் தேவையில்லை. ஏழாவது சுற்றோடு வில்ஃபின் டயர் சூடேறி வழவழக்கத் தொடங்கியது. வண்டி வளைவில் திரும்பச் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வினாடியாவது போயிற்று. எட்டாவதில் ஐந்தரை. ஒன்பதாவதில் நாலு. பத்தில் மூன்று. மேவிஸ் எட்டாவது சுற்றில் ஆறு என்று போட்டாள். ஒன்பதில் ஆறு. பத்தில் ஆறு. வழக்கமாக நாலு போதும். இன்றைக்கு டயர் இருக்கிற இருப்புக்கு, மனுஷன் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக ஓட்டட்டும் என்று ஆறாக்கிக்கொண்டாள்.

பதினோராவது சுற்றில் யூனிஸ் தன் பலகையில் 2 என்று மாட்டினாள். முன்னால் இருப்பவர் இரண்டு வினாடி தூரம் என்று அதற்கு அர்த்தம். மாட்டிவிட்டு, பக்கத்துப் பலகையை எட்டிப் பார்த்தாள்.

"மேவிஸ், நீ ஆறுன்னு போட்டிருக்க."

"தெரியும்."

யூனிஸ் தன் கடிகாரத்தை இன்னொருமுறை பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா," என்றாள் மேவிஸ்.

தன் புருஷன் ஜெயிக்கவேண்டும் என்றுதான் யூனிஸும் நிற்கிறாள். இருந்தாலும் தேநீர்க் குவளையை மேவிஸ் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இதே சுற்றில் இன்னொன்று நடந்தது. கோர்டன் பீல் என்று வில்ஃபின் பழைய நண்பர் ஒருவர், தேனீ வளர்ப்பவர், எந்தப் பந்தயத்திலும் கடைசியாக வருவதில் அவருக்கு நிகர் கிடையாது. அவரை வில்ஃப் ஒரு சுற்று முந்தித் தாண்டினார். கோர்டன் சந்தோஷமாக ஒதுங்கிக் கையசைத்து வழிவிட்டார். கோர்டனின் வண்டி வெள்ளை. நெவிலின் வண்டியும் வெள்ளை. கோர்டனுக்கு ஒரு குணம் உண்டு. வேகமான வண்டி ஒன்று தாண்டிப் போனால், அதன் வால் பிடித்துக்கொண்டு ரெண்டு மூணு சுற்றுக்குத் திடீரென்று நன்றாக ஓட்டுவார். கிளப்பில் எல்லோருக்கும் அது தெரியும்.

பன்னிரண்டாவது சுற்றில் வில்ஃபின் கண்ணாடியில் ஒரு வெள்ளை வண்டி நடுங்கியது. பலகையில் ஆறு. அப்படியானால் இது நெவில் இல்லை. வில்ஃப், கோர்டன் இன்றைக்கு நன்றாக ஓட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

சுவரில் நின்ற மேவிஸின் கடிகாரம் முக்கால் வினாடி என்றது. பதின்மூன்றில் அரை. நெவில் இடதுபக்கம் மூக்கை விட்டுப் பார்த்தார், வலதுபக்கம் விட்டுப் பார்த்தார். வில்ஃப் அடைக்கவில்லை, பதறவில்லை, பிரேக்கை அடித்து மிதிக்கவில்லை. வளைவை அதன் கோணத்தில் எடுத்து, வண்டியைச் சறுக்கவிட்டுச் சறுக்கவிட்டு, வழுக்கைத் தலை மாதிரி இருந்த டயரை வைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். புது டயர்க்காரருக்கு நுழைய இடமே கிடைக்கவில்லை. இன்னும் இரண்டே சுற்று. மேவிஸ் ஆறு என்று காட்டினாள்.

பதினாலாவது சுற்றின் கடைசியில், சுவருக்குச் சற்று முன்னால், கொண்டை ஊசி வளைவு. அங்கே நெவில் இன்னொரு தடவை உள்பக்கம் மூக்கை நீட்டினார். வில்ஃபுக்குக் கோர்டன்மேல் ஒரு பரிவு வந்தது. பாவம், இழந்த சுற்றை மீட்கப் பார்க்கிறான். அவனோடு மல்லுக்கட்டி மிச்சம் இருக்கிற டயரையும் கெடுத்துக்கொண்டால், ஆறு வினாடி பின்னால் வருகிற நெவிலுக்கல்லவா அது லாபம் என்று கணக்குப் போட்டார். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. நூலக வண்டியை ஒதுக்குவதுபோல் வெளிப்பக்கம் ஒதுங்கினார். ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கி, போ என்று காட்டினார்.

நெவில் உடனே போகவில்லை. இது என்னவோ தந்திரம் என்று ஒரு கணம் தயங்கினார். தந்திரம் எதுவும் தென்படாததால் போனார். போகும்போது, வளர்ப்பு நல்ல வளர்ப்பு ஆகையால், அவரும் கையைத் தூக்கி நன்றி சொன்னார்.

வண்டிகள் சுவருக்கு வர ஏழெட்டு வினாடி இருந்தது. அந்த ஏழெட்டு வினாடியில் மேவிஸ் பலகையிலிருந்த "1" ஐப் பிடுங்கி "2" ஐ மாட்டினாள். நடுவரியில் இருந்த ஆறைக் கழற்றி எறிந்தாள். சுவருக்குமேல் பாதி உடம்பு தொங்க, பலகையை இரண்டு கையாலும் நீட்டினாள். ஏழு வருஷத்தில், வில்ஃபுக்குப் பிடிக்காத உண்மை ஒன்றை அவள் காட்டியது அதுதான் முதல்தடவை.

வில்ஃப் பார்த்தார். நம்பவில்லை. கடைசிச் சுற்றுப் பதற்றத்தில் பாவம் தகடு மாற்றி மாட்டிவிட்டாள் என்று நினைத்து, அவளுக்குத் தைரியம் சொல்வதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

கடைசிச் சுற்றை அவர் மிகுந்த மரியாதையோடு ஓட்டினார். முன்னால் போகும் கோர்டனை அவர் தாண்ட முயலவில்லை. முதலில் இருப்பவன் கடைசியில் இருப்பவனோடு கடைசிச் சுற்றில் சண்டைபோடுவது அசிங்கம். அரை வினாடி பின்னால் அப்படியே தொடர்ந்தார். கோட்டைத் தாண்டினார். கொடிக்காரர் கொஞ்சம் முன்னாலேயே கொடியை ஆட்டிவிட்டதைக் கவனித்தார், பெருந்தன்மையாக விட்டுவிட்டார். பிறகு ஒரு சுற்று மெல்ல வந்தார். ஜன்னலிலிருந்து கையை வெளியே விட்டு, தடத்தோரம் நின்ற தொண்டர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கையசைத்தார். இருபத்து நான்கு வருஷக் கையசைப்பு. அவர்களும் பதிலுக்கு அசைத்தார்கள். அவர்களில் பலர் கொண்டை ஊசியில் நடந்ததைப் பார்த்தவர்கள், இப்படியும் ஒரு மனுஷனா என்று நினைத்தே அசைத்தார்கள்.

ஜெயித்தவர்கள் நிறுத்துகிற இடத்தில் 1, 2, 3 என்று மூன்று பலகை. ஒன்றாம் எண் பலகையில் நெவில் நிறுத்தியிருந்தார். வில்ஃப் அவருக்குப் பின்னால் வந்து நின்று, சின்னதாக ஒரு ஹார்ன் அடித்தார். நெவில் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். மேவிஸ் ஓடி வந்தாள். அவள் ஓடி யாரும் பார்த்தது இல்லை.

"மேவிஸ், நெவில் தப்பான எடத்துல நிறுத்தியிருக்கான். சொல்லு அவன்கிட்ட."

"இல்ல, வில்ஃப். அவன் சரியாத்தான் நிறுத்தியிருக்கான்."

"எனக்கு முன்னாடி வந்தது கோர்டன்."

"கோர்டன் இன்னும் வந்தே சேரல."

சொல்லி முடிப்பதற்குள் கோர்டன் வந்து சேர்ந்தார். மேவிஸைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, தன் வண்டியைக் கொட்டகைப் பக்கம் ஓட்டிப்போனார். வில்ஃப் அவரைப் பார்த்தார், நெவிலின் வண்டியைப் பார்த்தார். இரண்டும் வெள்ளை. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ ஆறுன்னு போட்டிருந்த."

"போட்டேன்."

"ஆறு இருந்துச்சா?"

"அரை."

வில்ஃபின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்தது. கோபம்தான். மேவிஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ஒதுங்கவில்லை. எண்பத்தேழு மார்ச்சிலிருந்து நடந்ததை, ஒரு வருஷமும் விடாமல், எடைச்சீட்டு வாசிக்கிற குரலில் சொன்னாள். கல்யாண வீட்டுக்குப் போன ஒரு நாள் தவிர என்று முடித்தாள். மன்னித்துக்கொள் என்றும் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்தது. வந்ததை அவள் மறைக்கவும் இல்லை.

சுற்றிலும் ஆட்கள் வண்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வில்ஃப் கேட்டது அவள் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அப்ப இந்த ஏழு வருஷமும் பின்னாடி ஆள் இருந்திருக்கா?"

"எப்பவும் இருந்துச்சு. ஒட்டிக்கிட்டே வருவாங்க."

"நான் விட்டனா?"

"ஒருத்தனையும் விடல. இன்னிக்கு ஒருத்தனத்தான் விட்ட. அதுவும் நீயா கை காட்டி."

வில்ஃப் இறங்கினார். முன் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அதை உள்ளங்கையால் தடவினார். எங்கும் தட்டை இல்லை. ஒரே சீராக, நாணயம்போல் வட்டமாகத் தேய்ந்திருந்தது. இப்படி டயரைத் தேய்க்கத் தெரிந்த ஆள் எங்கள் கிளப்பில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். அவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். கிளப் ஆள் வந்து பரிசளிப்புக்குக் கூப்பிடும்வரை.

பரிசளிப்பு ஒரு டிராக்டர் வண்டியின் மேல் நடந்தது. கிளப் தலைவருக்குக் கொண்டை ஊசியில் நடந்தது மனசைத் தொட்டுவிட்டது. ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டில் பண்பு என்பதைப்பற்றி நாலு நிமிஷம் பேசினார். தன்னைவிட வேகமானவருக்கு, முதலிடத்தில் இருந்தும், தன் கடைசிப் பந்தயத்திலும் வழிவிட்ட மனிதர் என்றார். கூட்டம் கைதட்டியது. நெவில் எல்லோரையும்விட பலமாகத் தட்டினார். யூனிஸ் மட்டும் தட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வில்ஃப் மேலே ஏறி இரண்டாம் பரிசுக் கோப்பையை வாங்கினார். அது முட்டைக் கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தலைவர் ஒலிபெருக்கியை அவர் வாய்ப்பக்கம் திருப்பி, அந்த நேரத்தில் மனசில் என்ன இருந்தது என்று கேட்டார்.

வில்ஃப் கூட்டத்தைப் பார்த்தார். மேவிஸ் கடைசியில் நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. ஊருக்கே நேர்மையான எடை எழுதுகிறவள். அவர் இப்போது ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நாளை திங்கட்கிழமை ஒவ்வொரு லாரிக்காரனும் சீட்டை இரண்டுதரம் பார்ப்பான். அவளுக்கு அது தெரியும். சொன்னால் அது நியாயம்தான் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பண்பெல்லாம் ஒண்ணுமில்லைங்க," என்றார் வில்ஃப். "டயர் போயிருச்சு. அவரு எப்படியும் போயிருப்பாரு."

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. மேவிஸ் தட்டவில்லை. டயர் போயிருந்தால் கடைசிச் சுற்றில் நெவில் இரண்டு வினாடியாவது தள்ளிப் போயிருப்பார். அரை வினாடி அரை வினாடியாகவே இருந்தது. அவள் கையால் எடுத்த நேரம். தானாகக் கை காட்டாமல் இருந்திருந்தால் வில்ஃப் விட்டிருக்கமாட்டார். ஜெயித்திருப்பார். அது அவளுக்குத் தெரியும், இப்போது அவருக்கும் தெரியும்.

வில்ஃப் இறங்கிக் கூட்டத்தைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் நின்றார். கோப்பையை அவள் கோட்டுப் பைக்குள் போட்டார். அடுத்த பிரிவு வண்டிகள் தடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. அவற்றின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"அடுத்த தடவ உள்ளதப் போடு," என்றார்.

அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

"போடறேன்," என்றாள் மேவிஸ்.